முகம் அச்சடிக்காத கடை

இரும்புலியூர்
19.1.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கம்மாவும் இருக்கிறோம். மாமிக்கு முட்டிவலி இந்தப் பனியில் கூடிவிட்டது, தினமும் தைலம் போட்டுவிடுகிறேன். உங்களுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? கம்பளிக் குல்லாவைப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். தேடினால் கிடைக்கும்.

போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நாற்பது நாள் ஊர் ஊராகப் பள்ளிவாசலில் தங்கித் தொழுதுவிட்டு வருகிறேன் என்று ஜமாஅத்தோடு கிளம்பிப் போன மனிதருக்கு எப்படித் தகவல் சொல்வது? நம் பள்ளியில் கேட்டேன். நாக்பூர் பெரிய பள்ளிவாசல் விலாசத்தைத் தந்தார்கள். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் கொண்டுவந்து சேர்ப்பார்களாம். உங்கள் ஜமாஅத் தலைவர் அமீரின் நம்பரும் கொடுத்தார்கள், ரொம்ப அவசரமென்றால் மட்டும் என்று. பத்துப் பேர் நடுவில் ஸ்பீக்கர் போட்டுப் பேசுகிற பேச்சா நம் பேச்சு? அதான் எழுதுகிறேன்.

கடை விஷயம். பொத்தேரியிலிருந்து ஜெஃப்ரி வந்தான், காலேஜ் பையன், போன வருஷம் நம்மிடம் கபடி டீமுக்கு நம்பர் போட்டுப் போனவன்.

"அக்கா, எங்க பேட்ச் கடைசி வருஷம். டி-ஷர்ட் பின்னாடி எல்லார் மூஞ்சியும் வரணும், கலர்ல."

"ஸ்கிரீன்ல அதெல்லாம் வராதுப்பா."

"இன்னாக்கா நீங்க, இன்னும் ஸ்கிரீனையே கட்டிகினு அழறீங்க! டி.டி.எஃப் போடுங்க. ஃபிலிம்ல அடிச்சு, மேல பொடி தூவி, அப்படியே ஹீட் பிரஸ்ல அமுக்கினா முடிஞ்சுது."

அவன் சொல்வதில் தப்பில்லை மச்சான். ஒரு நிறத்துக்கு ஒரு பிரேம் என்று நீங்கள் கட்டுகிற ஸ்கிரீனில் பெயர் வரும், நம்பர் வரும், பூ வரும். ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு டி-ஷர்ட் கேட்டு வருகிறவர்களுக்கு அது எதற்கு ஆகும்? எல்லாரும் போட்டோவோடு வருகிறார்கள். சப்ளிமேஷன் என்று இன்னொன்றும் இருக்கிறதாம். காகிதத்தில் அடித்துச் சூடாக அழுத்தினால் சாயம் துணிக்குள்ளேயே இறங்கிவிடும், ஆனால் பாலியஸ்டருக்கு மட்டும்தான். எந்த மெஷினை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வந்த ஆர்டரை எல்லாம் திருப்பிக்கொண்டிருந்தால் கோடை வரைக்கும்கூடக் கடை தாங்காது.

வீடு நிசப்தமாக இருக்கிறது. மொஹ்சின் இருந்தபோது ஒரு நிமிஷம் வாயை மூடுடா என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். மழைக்காலத்துக் காய்ச்சல் கொண்டுபோகிற பிள்ளையா அவன்? நீங்கள் உங்கள் போனிலும் என் போனிலும் அவன் படங்களை ஒன்றுவிடாமல் அழித்தீர்கள். போனுக்குள் இருக்கும் குப்பைக்கூடையைக்கூட விடவில்லை. என் அக்கா போனையும் வாங்கி அழித்தீர்கள். உருவத்தை வைத்துக்கொண்டு அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்றீர்கள். நான் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. வீடு நிசப்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

துஆவில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரூக்சார்

*

நாக்பூர் அருகில்
1.2.2025

அன்பு மனைவி ரூக்சாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். அல்லாஹ்வின் அருளால் சுகம். கம்பளிக் குல்லா கிடைத்தது. இங்கே ரொட்டியும் பருப்பும்தான், வயிறு பழகிவிட்டது. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். நம் கடையில் எழுத்து உண்டு, கொடி உண்டு, பூ உண்டு. உயிருள்ளதன் உருவத்தை நம் கையால் அச்சடிக்க வேண்டாம். அடிக்கிற மற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் மனசு. நம் கடையில் வேண்டாம்.

ஸ்கிரீனை நீயே போடலாம். எமல்ஷன் பசையைப் பிரேமில் கட்டிய வலைத்துணியில் மெல்லிசாக இழு. வெளிச்சம் படாமல் காயவிடு. ஈரம் இருந்தால் படம் பிடிக்காது. வெயிலில் காட்டும்போது ஃபிலிமின் மேல் கண்ணாடியை வை, காற்றில் தூக்காது. கழுவும்போது தண்ணீர் வேகமாக வேண்டாம். அவசரப்பட்டால் எழுத்தின் ஓரம் கடித்துவிடும்.

அனைவருக்கும் சலாம் சொல்.

முஸ்தபா

*

இரும்புலியூர்
10.2.2025

மச்சானுக்கு சலாம்.

எமல்ஷனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. நீங்கள் சொன்னபடியே இழுத்தேன், காயவைத்தேன், கண்ணாடி வைத்தேன். கழுவினால் பாதி எழுத்து தண்ணீரோடு போனது, மீதிப் பாதி கல்லாக அடைத்துக்கொண்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். கண்ணாடியில் கை கிழிந்தது, பெரிய காயம் இல்லை, கேட்க மாட்டீர்கள் என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

ஜெஃப்ரியின் ஆர்டரைத் திருப்பிவிட்டேன். "எங்களுக்கு ஃபோட்டோ போடற வழக்கம் இல்லப்பா" என்றேன். அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, எனக்குத் தெரியும்" என்றான். என்ன தெரியும் அவனுக்கு? பாவம், அவன் மேல் ஏன் எரிந்து விழுகிறேன்!

உங்கள் கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். நீங்கள் அவன் பெயரை எழுதவே இல்லை மச்சான். ஒரே ஒரு இடத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கலாம்.

நாற்பது நாள் முடியப்போகிறது. என்றைக்கு ரயில் என்று எழுதுங்கள். தாம்பரத்தில் இறங்குவீர்களா, சென்ட்ரலிலா? மாமி இப்போதே உங்களுக்காக மல்லிப்பொடி அரைத்து வைத்திருக்கிறார்கள்.

ரூக்சார்

*

21.2.2025

அன்பு ரூக்சாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல்.

நாற்பது நாளை நாலு மாதமாக நீட்டிக்கொண்டேன். அமீரும் சம்மதித்தார். மே மாதம் வருவேன், இன்ஷா அல்லாஹ். ரமலானும் இங்கேயே. தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் கடையை மூடிவிடு. பிரேம்களைத் துணி சுற்றி வை.

கையில் மருந்து போட்டாயா?

முஸ்தபா

*

இரும்புலியூர்
28.2.2025

மச்சானுக்கு,

சலாம். நாளையோ மறுநாளோ நோன்பு தொடங்குகிறது. நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாம் என்று உங்கள் கடிதத்தை மூன்று நாள் மடித்தே வைத்திருந்தேன். ஆறவில்லை.

மே மாதமாம்! ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று யாராவது உங்களுக்கு ஞாபகப்படுத்துவார்களா? பிள்ளை போனது உங்களுக்கு மட்டுமா? நீங்கள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டீர்கள், நான் எங்கே போக? கடையை மூடு என்கிறீர்கள். மூடிவிட்டு? காலையில் எழுந்து அவன் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? மூட மாட்டேன். அந்த ஷட்டரைத் தூக்குவதற்காகத்தான் எழுந்திருக்கவே செய்கிறேன்.

ஜெஃப்ரிக்குக் காலேஜ் முடியப்போகிறது. ஹாஸ்டலில் மக் பிரிண்ட் போட்டு விற்றுக்கொண்டிருந்த சப்ளிமேஷன் பிரிண்டரை, "ஊருக்குத் தூக்கிகினு போனா எங்கப்பா என்னை அடிச்சே துரத்துவாரு, நீங்களே வெச்சுக்கோங்க" என்று கொண்டுவந்து வைத்துவிட்டான். நம் ஹீட் பிரஸ் இருக்கிறதே, அதுவே போதும். பயப்படாதீர்கள், முகம் எதுவும் போடவில்லை. பெயரும் பூவும்தான் போடுகிறேன். உங்கள் வார்த்தையை நான் இன்னும் தாண்டவில்லை.

முதல் வேலையே மானத்தை வாங்கிவிட்டது. சேலையூர் அம்மணி அக்கா, மீன் விற்க வருவாங்களே, பேத்தி பிறந்தநாளுக்குப் பெயரும் ரோஜாவும் கேட்டார்கள். கடையிலிருந்த காட்டன் டி-ஷர்ட்டில் போட்டுக் கொடுத்தேன். என்ன அழகு! கையில் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. மறுவாரம் ஈர டி-ஷர்ட்டோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"இன்னாமே இது? ரெண்டு தபா தான் தோச்சேன். என் பேத்தி பேரே பூட்ச்சு! ரோஜாப்பூவு காய்ஞ்ச வெங்காயத் தோலாட்டம் கீது பாரு!"

சாயம் பாலியஸ்டரைத்தான் பிடிக்கும், காட்டனில் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டுத் துவைக்கத் துவைக்க எழுந்து போய்விடும். இது தெரிந்தும் மறந்துவிட்டேன். இப்போதெல்லாம் இப்படித்தான், அடுப்பில் பால் வைத்ததும் மறந்துபோகிறது. பாலியஸ்டரில் வேறு போட்டுக் கொடுத்தேன். அம்மணி அக்கா போகும்போது திரும்பி வந்து, "நீ துன்னியா இல்லியா? மூஞ்சி இன்னா இப்டி கீது?" என்று கேட்டார்கள். அதற்குத்தான் அழுகை வந்தது.

கை ஆறிவிட்டது.

ரூக்சார்

*

இரும்புலியூர்
19.3.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? மாமி இரண்டு நோன்பு விட்டுவிட்டார்கள், சர்க்கரை இறங்கிவிட்டது. இப்போது பரவாயில்லை. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஊர் மாறியிருப்பீர்கள். கோபமாக இருந்தாலும் இதற்கு மட்டும் பதில் எழுதிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வெண்ணிலா டீச்சர் வந்தார்கள். மொஹ்சினின் யு.கே.ஜி. டீச்சர். கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"ரூக்சார், ஏப்ரல் பதினொண்ணு பசங்களுக்கு கிராஜுவேஷன் டே. கிளாஸ் போட்டோவ டி-ஷர்ட் பின்னாடி போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம்னு பேரன்ட்ஸ் எல்லாம் கேட்டாங்க. வேற கடைக்குப் போயிருப்பேன். உங்க கிட்ட கேக்காம பண்ண மனசு வரல."

"எங்ககிட்ட எதுக்கு டீச்சர் கேக்கணும்?"

"அந்தப் போட்டோல அவன் இருக்கான்மா. செகண்ட் ரோ. அக்டோபர்ல எடுத்தது."

போனை என் பக்கம் திருப்பினார்கள். அவன் போனதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் பார்க்காத என் பிள்ளையை டீச்சர் போனில், கடை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். எப்படி இருக்கிறான் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். உங்களுக்குத்தான் வேண்டாமே.

எனக்கும் அனுப்புங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. உங்களைக் கேட்காமல் வாங்கினால் அதையும் நீங்கள் வந்து அழிப்பீர்களோ என்று பயமாக இருந்தது. இன்னொரு தரம் அதைத் தாங்க முடியாது. அப்புறம் சொல்கிறேன் டீச்சர் என்று அனுப்பிவிட்டேன்.

இதுதான் கேள்வி. இந்த ஆர்டரை எடுக்கட்டுமா? எடுத்தால் முகம் போட்டாக வேண்டும், ஸ்கிரீன் ஆகாது, டி.டி.எஃப்-தான். எடுக்காவிட்டால் வேறு கடைக்குப் போகும், அந்தக் கடைக்காரன் யாரோ ஒரு பிள்ளை என்று நினைத்துக்கொண்டு என் பிள்ளையை அச்சடிப்பான். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும் மச்சான்.

ரூக்சார்

*

இரும்புலியூர்
1.4.2025

மச்சானுக்கு சலாம்.

நேற்று பெருநாள். பெருநாள் வாழ்த்து. மாமி பிரியாணி ஆக்கினார்கள். பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு, அவன் தட்டைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்கள் வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருமாக அங்கேயே அழுதோம். பிரியாணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

டீச்சர் மறுபடி வந்தார்கள். இன்னொரு போட்டோ கொண்டுவந்தார்கள். ஜனவரியில் எடுத்தது, அதில் அவன் இல்லை. "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா இதையே போட்டுக்கலாம் ரூக்சார், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படத்தில் அவன் நின்ற இடத்தில் வேறொரு பெண் குழந்தை நிற்கிறது. இடைவெளி கூட விடவில்லை. நெருக்கி நிற்க வைத்துவிட்டார்கள்.

இனிமேல் எனக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள். நான் பைத்தியம் மாதிரி தினமும் போஸ்ட்மேன் வண்டிச் சத்தத்துக்கு ஓடாமல் இருப்பேன். அவரே இப்போது என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

எனக்கு ஒரு ஆள் வேண்டும் மச்சான். அவனைப் பற்றி என்னோடு பேசுவதற்கு, அவனைப் பெற்ற ஒரு ஆள்.

ரூக்சார்

*

5.4.2025

அன்பு ரூக்சாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானில் உட்கிராமங்களில் இருந்தோம். நோன்புக்கு முன்பும் நோன்பிலும் நீ எழுதிய இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கையில் கிடைத்தன. பெருநாள் வாழ்த்து. அம்மாவின் சர்க்கரையை டாக்டரிடம் காட்டு.

டீச்சரின் ஆர்டரை எடுக்க வேண்டாம். மரியாதையாகச் சொல்லித் திருப்பிவிடு. சப்ளிமேஷன் பிரிண்டரை யாருக்காவது கொடுத்துவிடு.

டி.டி.எஃப் படம் நாளாக நாளாக வெடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வரிசை என்று எழுதியிருக்கிறாய். சரி.

முஸ்தபா

*

இரும்புலியூர்
17.4.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். நலம் விசாரிப்பு முடிந்தது.

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. மறுநாள் விழா. அதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். நம் கடையில் அச்சடிக்கவில்லை. ஆர்டரை எடுத்து, குரோம்பேட்டையில் டி.டி.எஃப் போடுகிற இடத்தில் கொடுத்து, முழுசாக அங்கேயே முடித்து வாங்கினேன். மொஹ்சின் இருக்கிற படத்தைத்தான் கொடுத்தேன். இதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் வருத்தப்பட மாட்டேன்.

விழாவுக்கு டீச்சர் கூப்பிட்டார்கள். உள்ளே போக முடியவில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. எந்தப் பிள்ளை திரும்பினாலும் முதுகில் அவன். அத்தனை முதுகிலும் அவன் ஓடிக்கொண்டிருந்தான் மச்சான். ஒரு பொடிசு கீழே விழுந்து, எழுந்து, அழாமல் மறுபடி ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன் நாற்காலி கொடுத்தார்.

இனி சொல்லப்போவதுதான் உங்களுக்குப் பிடிக்காது. ஆர்டரை எடுத்த அன்றே டீச்சரிடம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தை மட்டும் பெரிதாக்கி, உங்கள் அளவு வெள்ளை டி-ஷர்ட் ஒன்றில் நானே நம் ஹீட் பிரஸ்ஸில் போட்டேன். இது நம் கடையில் நடந்தது, உங்கள் வார்த்தையைத் தாண்டி. ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் செய்தேன், திருடி மாதிரி.

ஆனால் டி.டி.எஃப் இல்லை, சப்ளிமேஷன். பாலியஸ்டரில் இல்லை, காட்டனில். அம்மணி அக்காவுக்கு மறந்துபோய்ச் செய்ததை இதில் தெரிந்தே செய்தேன். நிற்கிற உருவம் வேண்டாம் என்றுதானே நீங்கள் பயப்படுகிறீர்கள்? இது நிற்காது. துவைக்கத் துவைக்கப் போய்விடும். இதில் பாவம் இருந்தால் அதுவும் அந்தத் தண்ணீரோடு போகட்டும். எனக்கு அவன் கொஞ்ச நாள் போதும். அல்லாஹ் அவனை ஒரேயடியாக எடுத்துக்கொண்டான். நீங்களும் ஒரேயடியாக அழித்தீர்கள். நான் மெல்ல மெல்ல விடுகிறேன். எனக்கு அப்படித்தான் விட முடியும்.

வீட்டில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை துவைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை முதல் தடவை, கன்னத்து நிறம் போனது. முடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. இந்த வாரமும் துவைப்பேன். மாமி திட்டுவார்கள் என்று நினைத்தேன். கொடியில் காயும்போது பக்கத்தில் போய் நின்று, அவன் வாயைத் துடைப்பது மாதிரி முந்தானையால் துடைத்தார்கள்.

நீங்கள் மே மாதம் வரும்போது வெறும் வெள்ளை டி-ஷர்ட்தான் இருக்கும். உங்களுக்குச் சங்கடம் இருக்காது.

ரூக்சார்

*

26.4.2025

ரூக்சார்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்றுச் சாயங்காலம் உனக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்திருக்கும். அமீரிடம் கேட்டுவிட்டு, ஒரு டீக்கடைக்காரர் போனை வாங்கி நான்தான் கூப்பிட்டேன். "ஹலோ, யாருங்க?" என்று கேட்டாய். மறுபடி, "யாரு, டி-ஷர்ட் வேணுமா?" என்று கேட்டாய். வைத்துவிட்டேன். எழுதித்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

அவன் முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது.

இங்கே வந்ததிலிருந்து. தொழுகை முடிந்து துஆவுக்குக் கை ஏந்தினால் பிள்ளையை நினைப்பேன். நினைத்தால் அவன் சட்டை வருகிறது, செருப்பு வருகிறது, காய்ச்சலில் என் விரலைப் பிடித்திருந்த கை வருகிறது. முகம் வரவில்லை. முதலில் களைப்பு என்று நினைத்தேன். நாற்பது நாள் முடிந்தபோதும் வரவில்லை. அந்த முகமில்லாமல் உன் முன்னால் எப்படி வந்து நிற்பேன்? அதனால்தான் நாலு மாதமாக நீட்டினேன். உன்னிடம் இதை எழுத எத்தனை முறை உட்கார்ந்தேன் தெரியுமா? எமல்ஷனைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிடுவேன்.

போனில் அழித்தால் பாரம் குறையும் என்று நினைத்தேன் ரூக்சார். இந்தளவுக்கு அழியும் என்று நினைக்கவில்லை. அவனுக்குப் பல் விழுந்ததே, மேலே விழுந்ததா, கீழேயா? நான்தான் கூரையில் எறிந்தேன், எனக்கே தெரியவில்லை. இங்கே தெருவில் அவன் வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இப்படியா இருந்தான், அப்படியா என்று பார்க்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை. மொஹ்சின் மொஹ்சின் என்று பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரை உனக்கு எழுதினால் இதையும் எழுத வேண்டியிருக்குமே என்றுதான் எழுதவில்லை.

சரி தவறு எல்லாம் எனக்கு இப்போது யோசிக்க முடியவில்லை. அல்லாஹ் மன்னிக்கிறவன். அமீரிடம் சொல்லிவிட்டேன், கிளம்புகிறேன். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, எந்த வண்டியில் இடம் கிடைக்கிறதோ அதில் ஏறுவேன். இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். எனக்கு முன்னால் அது வந்துவிட வேண்டும் என்று துஆ செய்துகொண்டிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. நேற்றும் துவைத்திருப்பாய். இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. கண் இருக்கிறதா? இருந்தால் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை துவைக்காதே. அழுக்காக இருந்தாலும் இருக்கட்டும், நான் வந்து பார்க்கிறவரைக்கும் தண்ணீரில் போடாதே. அம்மாவிடமும் சொல்லி வை.

முஸ்தபா